முந்திரிகைச் செய்கையும் முந்திரிகை மதுவும்

வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகியவற்றைச் செய்துவரும் கமக்காரர் பலர், கிணற்றடித் தோட்டத்தில் ஒரு பரப்பிலேனும் முந்திரிகை நாட்டினால் என்ன என்று எண்ணுகின்றனர். முன்னரே நாட்டியவர்களுட் சிலர், கொடி பந்தல் முழுவதும் படர்ந்தும் குலையைக் காணவில்லை என்கின்றனர். வேறு சிலரின் பழம் ஐப்பசி மழையில் வெடித்து அழுகிப் போயிற்று. இன்னுஞ் சிலர், மேல்நாட்டார்போல் நாமும் பழத்தைப் பிழிந்து வைன் செய்து விற்கலாமே என வினவுகின்றனர்.

இம்மூன்று சாராருக்கும் கூறவேண்டியது அடிப்படையில் ஒன்றே. முந்திரிகை, பனிக்காலமுடைய நாடுகளுக்குரிய கொடி. அது உறங்கி எழுதல் வேண்டும். எமது நாட்டில் அவ்வுறக்கத்தைக் கொடுக்கும் குளிர் இல்லை. ஆகவே கமக்காரரே கத்தியினாலும், நீரை நிறுத்துவதனாலும் அதனைக் கொடுத்தல் வேண்டும். கொடியைக் கத்தரிக்கும் நாளே குலையின் அளவையும், பழத்தின் இனிமையையும், அப்பழத்திலிருந்து பெறும் மதுவின் தரத்தையும் பெரிதும் தீர்மானிக்கின்றது.

தென்னிந்தியாவில் திராட்சை எனப்படுவதும் இங்கு முந்திரிகை எனப்படுவதும் ஒரே பழமாகும். மரமுந்திரிகை வேறு.

கொடியின் இயல்பு

பனிக்காலமுள்ள நாடுகளில் முந்திரிகை இலையுதிர்த்துச் சில மாதங்கள் உறங்கும். அக்காலத்தில் அதன் உணவு வேரிலும் அடித்தண்டிலும் மாச்சத்தாகச் சேர்ந்திருக்கும். குளிர் நீங்கியதும் அரும்புகள் யாவும் ஏறக்குறைய ஒரே வேளையில் விழித்துத் தளிர்க்கும். அதனால் குலைகளும் ஒருங்கே பூத்து ஒருங்கே பழுக்கும்.

எமது நாட்டில் இக்கொடியை அதன் போக்கில் விட்டால் உறங்குவதே இல்லை. கிளையின் நுனியிலுள்ள ஓரிரு அரும்புகள் மாத்திரம் தளிர்த்து ஓடிக்கொண்டேயிருக்கும். கீழுள்ளவை கண் திறவா. ஒரே கொடியில் பூவும் பிஞ்சும் பழமும் கலந்து காணப்படும். இலை பெருகும், குலை அருகும்.

இன்னுமொன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். குலை உருவாவது பூக்கும்போதன்று. கிளை வளரும் காலத்திலேயே அதன் அரும்பினுள் குலையின் கரு அமைந்துவிடுகின்றது. குலையும், கொடி பற்றிப் படரும் சுருளும் ஒரே உறுப்பின் இரு வடிவங்களாம். அரும்பு உருவாகும் காலத்தில் வெயிலும் உணவும் போதியளவு கிடைத்தால் அது குலையாகும். இலையடர்ந்த நிழலில் உருவானால் சுருளாகவே நின்றுவிடும். வெங்காயத்துக்கு இடுவது போன்று யூரியாவை மிகையாக இட்டு, நாள்தோறும் நீர் இறைத்தவரின் பந்தலில் இலையும் சுருளும் மாத்திரம் காணப்படுவதன் காரணம் இதுவே.

பிற வெப்ப நாடுகளின் அனுபவம்

மத்தியகோட்டுக்கு வடக்கே எவ்வளவு தூரத்தில் யாழ்ப்பாணம் உள்ளதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் தெற்கே பிரேசில் நாட்டின் சான் பிரான்சிஸ்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. வறண்ட முட்காட்டு நிலமாகிய அங்கு ஆற்றுநீரைப் பாய்ச்சி முந்திரிகை செய்து, வைனும் ஆக்குகின்றனர். குளிர்காலம் இன்மையால், நீரைக் குறைத்துக் கொடியை ஓய்வுறச் செய்து, தாம் விரும்பிய காலத்திற் கத்தரித்து, ஆண்டுக்கு இரு அறுவடை பெறுகின்றனர்.

இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்து நாசிக் பகுதியில் வேறொரு முறை உண்டு. அங்கு சித்திரை அளவில் ஒருமுறையும், புரட்டாதி ஐப்பசியில் ஒருமுறையுமாக இருமுறை கத்தரிப்பர், அறுவடையோ ஒன்றுதான். முதலாம் கத்தரிப்பு நல்ல கிளைகளை உருவாக்குவதற்காம். இரண்டாவது குலையைப் பெறுவதற்காம். மழை ஓய்ந்து இரவுகள் குளிரும் தை முதல் பங்குனி வரையான காலத்திற் பழம் கனியும்படி நாளைக் கணித்துக் கொள்கின்றனர்.

நாடுகள் வேறாயினும் வழி ஒன்றே. கத்தி குளிரின் வேலையைச் செய்கின்றது. கனியும் காலம் வறண்ட காலமாக அமையுமாறு அக்கத்தியின் நாளைக் குறிக்கின்றனர்.

நிலம், நீர், நடுகை

நெல்லுக்கு நீர் நிற்றல் வேண்டும். முந்திரிகைக்கு நீர் நிற்றல் ஆகாது. வயற்களிமண்ணில் இதனை நாட்டி நட்டமடையாதீர்கள். நீர் வடியும் செம்மண்ணும், மணல் கலந்த இருவாட்டி மண்ணும் உகந்தவை. சுண்ணாம்புக்கல் மேலாகத் தட்டுமிடத்தில் வேர் இறங்காது. நாட்டுமுன் பல இடங்களில் வெட்டிப் பார்த்தல் நன்று.

கிணற்று நீர் உவராயின் இலையோரம் கருகும். கோடையின் கடைசியில், அதாவது நீர் மிகக் குறைந்திருக்கும் காலத்தில், அதனைச் சோதிப்பித்துக்கொள்க. மாரியில் நன்னீராயிருக்கும் கிணறு ஆவணியில் உவர்ப்பதுண்டு. உவரும் வேர்ப்புழுவும் உள்ள நிலங்களில் நாட்டுதற்கு இந்தியாவில் டொக்ரிட்ஜ் எனும் இனத்தின் அடிக்கட்டையில் நல்லினத்தை ஒட்டுகின்றனர்.

யாழ்ப்பாணத்திற் பெரிதும் செய்கைபண்ணப்படுவது இஸ்ரேல் புளூ எனப்படும் கருநீல இனமாகும். ஒழுங்காகக் காய்த்த கொடியைத் தெரிந்து, பென்சில் பருமனான முற்றிய கிளையில் மூன்று அல்லது நான்கு கணுக்களுள்ள துண்டங்களை வெட்டி, பையில் வேரூன்ற வைத்து நாட்டுக. காய்க்காத கொடியிலிருந்து, இரவலாகக் கிடைத்ததே என்று துண்டம் எடுத்தல் ஆகாது.

இரண்டரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி வெட்டி, மேன்மண்ணுடன் மக்கிய மாட்டெருவும் குழையும் கலந்து நிரப்புக. கொடிக்குக் கொடி பத்தடி விட்டால் ஒரு பரப்பில் ஏறக்குறைய 27 கொடிகள் நிற்கும். மாரி மழை ஓய்ந்து மண் பதமாயிருக்கும் தை மாதம் நடுகைக்கு ஏற்றது.

பந்தலின் செலவு

முதலை இடுமுன் சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. தூணும் கம்பியும் விலை கூடியவை. நட்ட பின் முதற்குலை இறங்க ஓராண்டுக்கு மேல், ஒன்றரை ஆண்டு வரை செல்லும். மிளகாய் தவறினால் ஒரு போகம் நட்டம். முந்திரிகை தவறினால் பந்தலும் இரு ஆண்டு உழைப்பும் நட்டம். ஆகவே முதலில் ஒரு பரப்புக்கு மேற் செய்யாதீர்கள். கடன்பட்டுச் செய்வதாயின், அக்கடனின் தவணை முதலாம் அறுவடைக்குப் பின்னரே தொடங்குமாறு பார்த்துக்கொள்க. முதலாண்டிற் கொடியிடையே வெங்காயம், பயறு முதலிய குறுகிய காலப் பயிர்களைச் செய்து வீட்டுச் செலவை ஈடுசெய்யலாம்.

நட்ட கொடியில் ஒரே தண்டை மாத்திரம் தடியிற் கட்டி நேரே ஏற்றுக. அது ஆறடி உயரமுள்ள பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளி, இருபுறமும் இரு கைகளாகப் படரவிடுக. அக்கைகளிலிருந்து வரும் கிளைகளே பின்னர் குலை தருபவை.

கத்தரிக்கும் காலம்

கத்தரித்த நாளிலிருந்து இரு வாரத்துக்குள் தளிர் தோன்றும். ஏறக்குறைய நாற்பதாம் நாளிற் பூக்கும். 110 முதல் 120 நாள் வரையிற் பழம் கனியும். இக்கணக்கை எமது மழைக்காலத்துடன் பொருத்திப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிற் பலத்து மார்கழி வரை நிற்கும். பூவும் கனியும் அம்மழையிற் படல் ஆகாது.

முதலாம் கத்தரிப்பு: தை மாதக் கடைசி. பழம் வைகாசி நடுவிலும் பிற்பகுதியிலும் இறங்கும்.

இரண்டாம் கத்தரிப்பு: ஆனி முதல் வாரம். பழம் புரட்டாதி முடியுமுன் இறங்கும்.

அறுவடைக்கும் அடுத்த கத்தரிப்புக்குமிடையே மூன்று வாரமாவது இலைகளை விட்டுவைத்தல் வேண்டும். அவ்விலைகளே வேரில் உணவைச் சேமிப்பவை. சேமிப்பில்லாத கொடியை வெட்டினால் தளிர் மெலியும், குலை சிறுக்கும். வைகாசி அறுவடை பிந்திவிட்டதாயின், பேராசையால் ஆடியில் வெட்டிப் பழத்தை மழைக்குப் பலியிடாதீர்கள். அவ்வாண்டில் ஒரு போகத்துடன் நிறுத்திக்கொள்வதே இலாபம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை எவ்விதத்திலும் கத்தரித்தல் ஆகாது.

கத்தரிக்கும் முறை பின்வருமாறு:

1. கத்தரிக்குமுன் பத்து முதல் பதினான்கு நாள் வரை நீரை முற்றாக நிறுத்துக.

2. மண்ணிறமாக முற்றிய கிளைகளை மாத்திரம் குலைக்காக விடுக. பச்சைக் கிளைகளையும், நிழலில் வளர்ந்தவற்றையும் அடியோடு நீக்குக.

3. கிளையில் விடும் அரும்புகளின் தொகை இனத்துக்கு இனம் வேறுபடும். தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு நான்கு அல்லது ஐந்து அரும்பு விடுவர். விதையற்ற தொம்சன் இனத்துக்கு அதனினும் கூடுதலாக விடுவர். உங்கள் தோட்டத்தில் சில கிளைகளில் 3, சிலவற்றில் 5, சிலவற்றில் 7 என விட்டு, அடையாளமிட்டு, எதிற் குலை கூடுதலாக வருகிறதெனப் பார்த்து வழக்கப்படுத்துக.

4. எஞ்சிய இலைகளை உருவி நீக்கி, வெட்டிய கழிவை எரித்துவிடுக. நோய்வித்து அதிலேயே தங்கும்.

5. பின்னர் எருவிட்டு நன்றாக நீர் இறைக்க.

அரும்புகளை ஒருங்கே விழிக்கச் செய்தற்கு இந்தியாவிலும் பிரேசிலிலும் ஐதரசன் சயனமைட்டு எனும் மருந்தைப் பூசுவர். அது கொடிய நஞ்சு. அதனைக் கையாண்ட நாளிலும் அடுத்த சில நாட்களிலும் கள்ளோ சாராயமோ அருந்தியவருக்கு மயக்கமும் மூச்சுத் திணறலும் உண்டாகும். யாரேனும் போத்தலிற் கொண்டுவந்து தந்தாற்கூட உத்தியோகத்தரின் ஆலோசனையின்றி அதனைத் தொடாதீர்கள்.

பசளையும் நீரும்

எருவும் குழையும் அடிப்படை. பூக்கும் வரை நைதரசனை அளவாகவும், காய் பருக்கத் தொடங்கியபின் பொற்றாசியத்தைக் கூடுதலாகவும் இடுக. நைதரசன் மிகுந்தால் இலை அடர்ந்து நோய் பெருகும், பழம் புளிக்கும். அது மாத்திரமன்று. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடே மிகுதிப் பசளை நிலத்தடி நீரைச் சேர்கின்றது. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று வேண்டிய அளவுக்கு மேற் காணப்படுகின்றது. அக்கிணற்று நீரே குழந்தைகளும் அருந்தும் நீர் என்பதை மறவாதீர்கள்.

தளிர்க்கும் காலத்தும் காய் பருக்கும் காலத்தும் மண் காயாதபடி இறைக்க. பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நீரைக் குறைத்து, பறிக்க ஒரு வாரத்துக்கு முன்னர் நிறுத்திவிடுக. கடைசி வாரத்தில் நீர் பெற்ற பழம் நிறை கூடும், இனிமை குன்றும், தோலும் வெடிக்கும்.

நோய்கள்

ஈரக் காலத்தில் இலையின் மேற்புறம் மஞ்சட் புள்ளியும், கீழ்ப்புறம் வெண்பூஞ்சணமும் தோன்றுவது அடிச்சாம்பல் நோய். வறண்ட காலத்திற் சாம்பலைத் தூவினாற்போல இலையிலும் காயிலும் படிவது சாம்பல் நோய். தளிரிலும் காயிலும் பறவையின் கண் போன்ற வட்டப் புள்ளி தோன்றுவது மூன்றாவது.

சாம்பல் நோய்க்குக் கந்தகம் ஏற்றது. கடும் வெயிலில் விசிறினால் இலை கருகும். ஏனைய இரண்டுக்கும் போர்டோக் கலவை நன்று. இக்கலவை, பிரான்சில் போர்டோ எனும் முந்திரிகைப் பகுதியில் 1880களில் இக்கொடியைக் காப்பதற்கென்றே கண்டறியப்பட்டது. துருசு 100 கிராமை 5 லீற்றர் நீரிலும், நீறாத சுண்ணாம்பு 100 கிராமை வேறு 5 லீற்றர் நீரிலும் மட்பாண்டத்தில் அல்லது பிளாஸ்டிக் வாளியிற் கரைத்து, துருசு நீரைச் சுண்ணாம்பு நீருட் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குக. துலக்கிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் அமிழ்த்துக. கத்தியிற் செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்த்தல் வேண்டும். இளந்தளிருக்கு இதன் பாதிச் செறிவு போதும். கலந்த அன்றே விசிறி முடிக்க.

எம்மருந்தாயினும் சிட்டையிற் குறித்த நாள் கழிந்த பின்னரே பழம் பறித்தல் வேண்டும். முந்திரிகையைத் தோலுடன் உண்பர் என்பதை மனத்திற் கொள்க.

வைன் ஆகும் விதம்

பனையிலிருந்து இறக்கிய கருப்பநீர், முட்டியிற் சுண்ணாம்பு இல்லாவிடின் அன்று மாலையே கள்ளாகிவிடும். காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் எனும் நுண்ணுயிர் சீனிச்சத்தை உண்டு மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டு வாயுவாகவும் மாற்றுவதே காரணம். முந்திரிகைச் சாறு வைன் ஆவதும் இவ்விதமே. வேறுபாடு யாதெனில், கள் அடுத்த நாளே புளித்துவிடும். வைனோ ஆண்டுக்கணக்காக இருத்தல் வேண்டும். அதனை இருக்கச் செய்பவை மூன்று: போதிய மதுசாரம், போதிய புளிப்பு, காற்றுப் படாமை. வெப்ப நாட்டில் இம்மூன்றும் எளிதிற் கைகூடா.

முதலாவதாக, சாற்றின் சீனிச்சத்து நூற்றுக்கு ஒரு பங்கு ஏறக்குறைய அரைப் பங்குக்குச் சற்றுக் கூடிய மதுசாரத்தைத் தரும். 20 பங்கு சீனியுள்ள சாறு 11 பங்கு மதுசாரம் தரும். பந்தலில் அளவுக்கு மீறிய குலைகளை விட்டு, சந்தை விலைக்கு ஆசைப்பட்டு 15 பங்கிலே பறித்த பழமோ 8 பங்குதான் தரும். அத்தகைய வைன் நிலைக்காது. முந்திரிகை பறித்தபின் இனிக்கும் பழமன்று. கொடியில் உள்ளபோதே அது இனித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, வெப்பமான இரவுகளில் பழம் தன்னிலுள்ள அமிலத்தின் ஒரு பகுதியைத் தானே எரித்துவிடுகின்றது. எமது பழம் கனியும் மாதங்களில் இரவிலும் வெப்பம் தணிவதில்லை. ஆதலால் சீனி ஏறும்போது புளிப்பு இறங்கிவிடும். சுவை சப்பென்றிருக்கும், கெடுக்கும் கிருமிகளும் எளிதிற் பெருகும்.

மூன்றாவதாக, நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும். சாற்றின் வெப்பம் 35 பாகை சதமளவுக்கு மேற் சென்றால் மதுவம் தளர்ந்து இறக்கும், சீனி எஞ்சிநிற்கும், பிற கிருமிகள் புகும். எமது கோடையில் வீட்டறையே நண்பகலில் அவ்வெல்லைக்கு அணித்தாக இருக்கும். ஆகவே பிரேசிலிலும் நாசிக்கிலும் குளிரூட்டிய உருக்குத் தாங்கிகளில் நொதிக்கவிடுகின்றனர். முடிந்தபின் காற்றுப் பட்டால் வைன் வினாகிரியாகிவிடும். ஆதலால் பாத்திரத்தை நிறைத்து மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

இவற்றால் நீங்கள் அறியவேண்டியது, வைன் என்பது மிஞ்சிய பழத்தையும் வெடித்த பழத்தையும் கழிக்கும் வழியன்று என்பதே. அதற்கு உண்ணும் பழத்தினும் மேலான பழமும், குளிரூட்டும் பொறியும், சோதனைச் சாலையும் வேண்டும்.

ஆபத்தும் சட்டமும்

நொதிக்கும் சாற்றிலிருந்து வெளிப்படும் காபனீரொட்சைட்டு காற்றினும் பாரமானது, மணமற்றது. அடைத்த அறையிலும் தொட்டியிலும் தாழத் தங்கி, குனிபவரின் மூச்சை நிறுத்திவிடும். கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் இதன்பொருட்டே.

மேலும், எமது நாட்டில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றி மதுபானம் ஆக்குவதும் விற்பதும் குற்றமாகும். முந்திரிகை வைனும் இதற்கு விலக்கன்று. இத்துண்டுப்பிரசுரம் அதன் இயல்பை விளக்குகின்றதேயன்றி, வீட்டில் ஆக்குதற்கு இசைவு தருவதன்று. பல கமக்காரர் சேர்ந்து சங்கமாக அத்தொழிலைத் தொடங்க விரும்பின், கொடி நாட்டுமுன்னரே மதுவரித் திணைக்களத்தை அணுகுக.

கமக்காரர் செய்யத்தக்கது

மிஞ்சிய பழத்துக்கு எளிய வழி சாறு ஆகும். நன்கு கனிந்த பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, பிசைந்து, துருவேறாத பாத்திரத்தில் கை பொறுக்காத அளவு சூடாக்கி நிறம் இறங்கியபின் வடிக்க. கொதிக்க விடல் ஆகாது. வடித்த சாற்றைத் தூய போத்தல்களில் இட்டு, அப்போத்தல்களை நீர்ப்பாத்திரத்தில் நிறுத்தி, உள்ளிருக்கும் சாறு 80 பாகை வெப்பத்தில் 20 நிமிடம் நிற்கச் செய்து மூடுக. மதுவம் இறந்துவிடுவதால் சாறு நொதியாது. திறந்த போத்தலை இரண்டொரு நாளில் முடித்துவிடல் வேண்டும்.

முதலில் ஒரு பரப்பு; அதிற் காய்த்த கொடியின் துண்டம்; தையிலும் ஆனியிலும் தவறாத கத்தி; புரட்டாதிக்குள் இறங்கும் பழம். இவற்றை இரண்டு ஆண்டு ஒழுங்காக நடத்திக் கணக்கெழுதிப் பார்த்தபின் பந்தலை விரிப்பதா என்று தீர்மானியுங்கள். ஒவ்வொரு முறையும் கத்தரித்த தேதி, விட்ட அரும்பின் தொகை, பூத்த நாள், பறித்த நாள், நிறை ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்துவருக. உங்கள் மண்ணுக்கும் கிணற்றுக்கும் ஏற்ற நாளை அக்கொப்பியே காட்டும்.

நீர்ச் சோதனை, துண்டம் தெரிதல், முதற் கத்தரிப்பு ஆகியவற்றில் ஐயம் எழுமாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு கலந்துகொள்க. கத்தியை எடுத்தபின் கேட்பதிலும், எடுக்குமுன் கேட்பது நன்று.